கல்லணையிலிருந்து முத்துப்பேட்டை வரை: வெண்ணாற்றில் தனியாளாகக் கனூ பயணம் – முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் ஆறு தன் போக்கில் ஓடுவதில்லை. மேட்டூரில் கதவை உயர்த்தினால் மூன்று நாளில் கல்லணையில் தெரியும். கல்லணையில் வெண்ணாற்று ஷட்டரை இறக்கினால், நீடாமங்கலம் பக்கம் படித்துறையின் அடிப்படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இங்கே தனியாளாக நெடுந்தூரம் கனூ என்னும் ஒல்லியான துடுப்புப் படகை விட நினைப்பவர், துடுப்புப் பிடிக்கப் பழகும்போதே மதகைப் படிக்கவும் பழகிவிட வேண்டும். நீச்சல், உடல்வலு, நல்ல படகு எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இந்த வழிகாட்டியில் மதகுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எந்த ஆற்றில் போவது

வரைபடத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கொள்ளிடம். அகலமாக, நேராகக் கடல்வரை போகிறது. ஆனால் அது வெள்ள வடிகால். மிகுதி நீர் வரும்போது மட்டும் பொங்கி ஓடும். மற்ற நாட்களில் மணல்வெளியும் அங்கங்கே குட்டையும்தான். அணைக்கரையிலும் அதற்குக் கீழே சிதம்பரம் பக்கத்து நீர்நிலைகளிலும் முதலைகள் உண்டு. தனியாளுக்கு நான் கொள்ளிடத்தைச் சொல்ல மாட்டேன்.

காவிரியின் பெயரோடு ஓடும் ஆறு கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போகிறது. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போவதால், கடைசியில் மேலையூர் கடைமுகத்தை நெருங்கும்போது வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் படகை இழுத்துக்கொண்டு கரையில் நடக்க வேண்டியதுதான்.

எஞ்சியது வெண்ணாறு. கல்லணையில் பிரிந்து, தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்கும் வடவாற்றுக்கும் பங்கு கொடுத்து, தஞ்சாவூருக்கு வடக்கே வெண்ணாற்றங்கரையைத் தொட்டு, கோவில்வெண்ணி பக்கமாக நீடாமங்கலம் சேர்கிறது. கரிகாலன் பெயர் பெற்ற வெண்ணிப் போர் நடந்தது இந்தக் கோவில்வெண்ணியில்தான்; இறங்கி ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு, அதாவது ஆற்றைப் பிரித்துவிடும் மதகு. அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பாமணியாறு மன்னார்குடியைத் தொட்டுப் போவதால் தங்க வசதி அதிகம். நான் சொல்வது கோரையாறு. அது நேரே முத்துப்பேட்டை ஜாம்புவானோடை படகுத்துறைக்கும், அதற்கப்பால் அலையாத்திக் காட்டுக் காயலுக்கும் கொண்டுபோய் விடும். ஆற்றில் தொடங்கி உப்பங்கழியில் முடிகிற பயணம் இது. வளைவு நெளிவோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். தனியாள் ஆறேழு நாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்து இரண்டு தேதியும் மாறும். இந்த ஏழரை மாதத்தில் எல்லா நாளும் படகுக்கு ஆகாது. ஆடிப்பெருக்கை ஒட்டி ஆற்றைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் காலம் அது. முக்கொம்பில் 1830-களில் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகளைக் கொள்ளிடத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போனது 2018 ஆகஸ்டில்தான். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியது. அதே 2018-இல் நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறி, முத்துப்பேட்டைக் காட்டையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்துப் போட்டது.

மார்கழி பிற்பாதியிலிருந்து அணை மூடும் வரையுள்ள நாட்கள்தான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் தாங்கும். சம்பா கதிர் முற்றும் பருவம் என்பதால் ஆற்றில் பெரிய ஏற்ற இறக்கம் குறையும். மூடுபனி ஒன்றுதான் தொந்தரவு. எதிர்க்கரை தெளிவாகத் தெரியும் வரை படகை இறக்கக் கூடாது. பனிக்குள் மதகு இருப்பது சத்தம் கேட்டுத்தான் தெரியும், அதற்குள் நேரம் கடந்திருக்கும். காணும் பொங்கலன்று கல்லணையில் கூட்டம் நெரியும், அன்றைக்குக் கிளம்ப வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

நாளிதழ்களின் டெல்டா பதிப்பில் தினமும் வரும் நான்கு எண்களைப் பார்க்கப் பழகுங்கள்: கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஒவ்வொன்றிலும் திறந்துவிடும் நீர், கன அடியில். ஒரு கன அடி என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். கூடவே மேட்டூரின் வெளியேற்றத்தையும் எழுதி வையுங்கள். இன்றைக்கு மேட்டூரில் கூட்டியது மூன்று நாள் கழித்து உங்கள் படகுக்கு அடியில் வரும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே குறித்து வந்தால், ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கைக்கு வந்துவிடும்.

தண்ணீர் குறைவான ஆண்டுகளில் முறைப் பாசனம் வைப்பார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். உங்கள் பயணம் வெண்ணாற்று முறையில் விழ வேண்டும். பாதி வழியில் முறை மாறினால் படகு மணலில் உட்கார்ந்துவிடும்.

எண் என்ன சொன்னாலும் கரையில் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். தேங்காய் மட்டை ஒன்றை நடு ஆற்றில் எறிந்துவிட்டுக் கூடவே நடங்கள். சாதாரண நடையில் அதோடு ஒட்டிப் போக முடிந்தால் தனியாளுக்குத் தக்க வேகம். ஓட வேண்டியிருந்தால் அன்றைக்குப் படகை இறக்காதீர்கள்.

அனுமதி

மதகும் தலைப்பும் நீர்வளத்துறையின் கையில். ஊரில் இன்னமும் பொதுப்பணித்துறை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பயணத் தேதி, பாதை, படகின் விவரம், கரையில் பொறுப்பாக இருப்பவரின் தொலைபேசி எண் எல்லாம் எழுதி அந்தந்தப் பகுதி அலுவலகத்தில் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் வழியிலுள்ள காவல் நிலையங்களுக்கும் நகல் கொடுங்கள். முத்துப்பேட்டைக் காயல் வனத்துறைக்கு உட்பட்டது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த அனுமதிகள் கிடைக்காமல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

படகும் சாமானும்

ஊதிப் பெருக்கும் படகு தூக்க லேசு, ஆனால் இந்த ஆற்றுக்கு ஒத்துவராது. கரையெங்கும் சீமைக் கருவேல முள், தண்ணீருக்குள் காட்டாமணக்குத் தூர், காயலில் ஆளி ஓடு. கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த 12 முதல் 14 அடி கனூதான் நல்லது. வெறும் படகின் எடை 25 கிலோவுக்குள் இருக்கட்டும், மதகுக்கு மதகு அதைத் தூக்கப் போவது நீங்கள் ஒருவர்தான். இரண்டு சிறு சக்கரம் வைத்த மடக்கு வண்டி ஒன்று கட்டாயம். முன்னும் பின்னும் மிதக்கும் கயிறு பத்து மீட்டர் கட்டியிருக்க வேண்டும்.

துடுப்பு இரண்டு, ஒன்று கையில், ஒன்று படகுக்குள் கட்டி. இவற்றோடு எட்டடி மூங்கில் கழி ஒன்று. மணல் மேடிட்ட இடத்தில் துடுப்பு வேலை செய்யாது, கழி ஊன்றித் தள்ளுவதுதான் வழி. ஆழம் பார்க்கவும், ஆகாயத்தாமரையை ஒதுக்கவும், இரவில் கொசுவலை கட்டவும் அதே கழி உதவும்.

உயிர்காப்புச் சட்டையை வார் இறுக்கி மாட்டிக்கொண்டுதான் படகில் உட்கார வேண்டும். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் விசிலும் உறைக் கத்தியும் இருக்கட்டும். கத்தி வலைக்காக. ஆற்றின் குறுக்கே கட்டிய வலை மாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. துணி, மருந்து, போன் எல்லாம் நீர்புகாப் பைகளில்; அரிசி, அவல் போன்றவற்றைத் திருகு மூடி வைத்த நீல டிரம்மில் போட்டால் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். பாரத்தை நடுவில், தரையோடு தாழ்த்தி வையுங்கள். முன்பாரம் ஏறினால் படகு திரும்ப மறுக்கும்.

ஆற்று நீரைக் குடிக்காதீர்கள். வயலில் அடித்த மருந்தெல்லாம் வடிந்து வருகிற நீர் அது. காய்ச்சினாலும் சாதாரண வடிகட்டியில் வடித்தாலும் மருந்து போகாது. நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் எடுத்துக்கொண்டு, பாலம் வருகிற ஊரிலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். பாலத்தடி டீக்கடைகளில் இட்லி கிடைக்கும். மதியத்துக்குக் கட்டுச்சோறு போதும். காலையில் உப்புப் போட்ட நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினால் பதினோரு மணி வரை சோர்வு தெரியாது.

கிளம்பும் முன் பழக வேண்டியவை

ஆழம் தெரிந்த, ஓட்டமில்லாத குளத்தில், கரையில் ஆள் நிறுத்திக்கொண்டு பழகுங்கள். முதலில் கவிழ்ந்து ஏறும் பயிற்சி. படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் கிடைமட்டமாக மிதந்து, காலை உதைத்து வயிற்றால் ஏறி, பிறகு திரும்பி உட்கார வேண்டும். சாமான் பாரத்தோடும் செய்து பாருங்கள். பத்துக்குப் பத்து முறையும் ஏற முடிகிற வரை தனிப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

ஓடும் நீரில் கவிழ்ந்தால் விதி வேறு. படகுக்கு மேல்நீர்ப் பக்கம் இருங்கள். கீழ்ப் பக்கம் மாட்டினால் படகுக்கும் பாலத் தூணுக்கும் நடுவில் நசுங்குவீர்கள். மல்லாந்து, காலை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்தபடி கரைப் பக்கம் கையைப் போடுங்கள். இழுப்பில் எழுந்து நிற்க முயலாதீர்கள். அடியில் கல்லிடுக்கிலோ வேரிலோ கால் சிக்கினால் தண்ணீர் முதுகில் ஏறி அமுக்கிவிடும்.

துடுப்பில் இரண்டு காரியம் கைவந்தால் போதும். ஒன்று, தோளை மட்டும் ஆட்டாமல் இடுப்பைத் திருப்பி வலிப்பது. அப்போதுதான் ஆறு நாள் தாங்கும். மற்றொன்று, படகின் மூக்கை மேல்நீருக்குச் சாய்வாக வைத்துக்கொண்டு வலித்து, கீழே இழுபடாமல் எதிர்க்கரை சேர்வது. மதகுக்கு முன்னால் கரை பிடிக்க இதுதான் கை கொடுக்கும்.

மதகைக் கடப்பது

எந்த மதகையும், எந்தப் படுகை அணையையும் (நீர் மேலே வழிந்து விழும் தாழ்வான குறுக்குச் சுவர்) படகோடு கடக்கக் கூடாது. நீர் குறைவாக இருக்கிறது, கதவு முழுக்கத் தூக்கியிருக்கிறது, ஊர்ப் பையன்கள் குதித்து நீந்துகிறார்கள் என்ற எந்தக் காரணமும் செல்லாது.

தலைப்பு மதகின் ஷட்டர் அடியில்தான் திறக்கும். ஆகவே மேலே நீர்மட்டம் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும். இழுப்பு முழுவதும் கீழே. கவனித்துப் பாருங்கள்: ஷட்டருக்கு முன்னால் மிதந்து வரும் ஆகாயத்தாமரைச் செடி ஒன்று கதவருகே வந்ததும் கொஞ்ச நேரம் தயங்கி நிற்கும், மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும், வேர் முதலில் உள்ளே போகும், அடுத்து இலையும் காணாமல் போகும். ஒரு துளி நுரைகூட எழாது. அந்த இடத்தில் படகு பக்கவாட்டில் ஒட்டினால் மனித பலத்தால் பிரிக்க முடியாது.

படுகை அணையின் ஆபத்து கீழ்ப் பக்கத்தில். உயரம் மூன்றடிதானே என்று தோன்றும். விழுகிற நீர் தரை வரை பாய்ந்து, மேலெழுந்து, மறுபடி அணையை நோக்கியே உருளும். மிதக்கும் பொருள் எதுவானாலும் அந்த உருளலுக்குள் சிக்கிப் புரளும். அணைக்குக் கீழே ஒரே இடத்தில் தெர்மாகோல் துண்டோ காலி பாட்டிலோ மணிக்கணக்கில் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிர்காப்புச் சட்டை போட்ட மனிதனும் அதற்குள் அப்படித்தான் புரள்வான்.

நடைமுறைக்கு வருவோம். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் பாதையை விரலால் தொட்டுத் தொட்டுப் போய், குறுக்கே தெரியும் ஒவ்வொரு கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: பாலமா, தரைப்பாலமா, மதகா, படுகை அணையா. முடிந்தால் முந்தின வாரம் இருசக்கர வண்டியில் ஆற்றங்கரைச் சாலையிலேயே போய் நேரில் பாருங்கள். இந்தக் கரைப் பயணத்தை நான் படகுப் பயணத்தின் முதல் பாதி என்றே கருதுகிறேன். எந்தக் கரையில் இறங்குவது, படகை எந்த வழியாக உருட்டுவது, எங்கே மறுபடி இறக்குவது எல்லாம் அப்போதே முடிவாகிவிடும்.

ஆற்றில் இருக்கும்போது, மதகுக்கு 500 மீட்டர் முன்பே இறங்கும் கரையை ஒட்டிக்கொள்ளுங்கள். 200 மீட்டர் முன்பே படகு கரையேறியிருக்க வேண்டும். அந்தக் கடைசித் தூரத்தில் பக்கவாட்டில் வாய்க்கால் மதகுகளும் இருக்கும்; அவையும் உறிஞ்சும். சாமானை இறக்கி, படகைச் சக்கர வண்டியில் ஏற்றி, இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். மதகுக்குக் கீழே கான்கிரீட் தளமும் கட்டைகளும் அதற்கப்பால் நீர் குடைந்த கசமும் (ஆழக்குழி) இருக்கும். நுரையும் கொதிப்பும் அடங்கி, ஆறு சீராக ஓடும் இடம் வரை போய் இறக்குங்கள்.

மதகில் லஸ்கர் இருப்பார். ஷட்டரை ஏற்றி இறக்குபவர் அவர்தான். கடந்து போகும்போது ஒரு நிமிடம் நின்று பேசுங்கள்.

"அண்ணே, ராத்திரி தண்ணி கூடுமா?"

"மேல தொறந்துட்டாங்க தம்பி. விடியக்காலம் இங்க வந்துரும். படுகையில படுக்காதீங்க, கரைமேல ஏறிப் படுங்க."

இந்த இரண்டு வாக்கியத்துக்கு ஈடான தகவல் எந்தச் செயலியிலும் கிடையாது. அவரிடம் அடுத்த மதகு லஸ்கரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதை அவரே சொல்லியும் வைப்பார். தனிப் பயணம் என்றாலும் ஆறு முழுக்க உங்களுக்காக ஆள் காத்திருப்பார்கள்.

ஆற்றில் ஒரு நாள்

பனி விலகியதும் ஏழு, ஏழரைக்குக் கிளம்பி, பதினோரு மணிக்குள் பெரும்பகுதித் தூரத்தை முடித்துவிடுங்கள். மதியம் நிழலில் தங்கி, மூன்று மணிக்குமேல் கொஞ்சம் வலித்து, நாலரைக்குள் கரையேற வேண்டும். நாளுக்கு 20 கிலோமீட்டர் போதும். மதகுகள் அடுத்தடுத்து வரும் நாளில் 12 போனாலே அதிகம்.

வெளிவளைவில் நீர் கரையை அறுத்து மரத்தைச் சாய்த்திருக்கும். கிளை வழியாக நீர் போகும், படகு போகாது. உள்வளைவுப் பக்கமே இருங்கள், மணல் தட்டினால் கழி இருக்கிறது. பாலத் தூண்களில் ஆகாயத்தாமரை மெத்தையாக அடைத்திருந்தால் அதன்மேல் ஏற்றிக் கடக்க நினைக்காமல் கரை வழியாகச் சுற்றுங்கள். மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. முழங்கால் நீரில் படகை இழுத்து நடக்கும்போது அடுத்த அடி ஆளுயரம் இருக்கலாம். கழியால் தொட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

இன்னொன்று படித்துறை மரியாதை. காலையில் பெண்கள் குளிக்கும் துறைகள் வழியெல்லாம் வரும். தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, எதிர்க்கரையை ஒட்டி, பார்வையை முன்னால் வைத்துக் கடந்து போங்கள். கேமராவை அங்கே வெளியே எடுக்கவே கூடாது. கருமாதித் துறைகளில் காரியம் நடந்துகொண்டிருந்தால் துடுப்பை நிறுத்தி, படகைத் தானாக மிதக்க விடுங்கள். வலை கட்டியவர் நின்றால் எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். சிக்கியது வலையானால் அறுப்பது கடைசி வழி, அறுத்தால் விலையைக் கொடுங்கள்.

இரவு

லஸ்கர் சொன்னதுதான் முதல் விதி: படுகையில் படுக்காதீர்கள். வயல் வரப்பும் வேண்டாம். கதிர் முற்றும் காலத்தில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். கடித்தது தெரியாமலேயே தூங்குபவர்கள் உண்டு. தரையோடு தைத்த, ஜிப் மூடும் வலைக்கூடாரம் கொண்டுபோங்கள். ஊருக்குள் கேட்டு, மண்டபத்திலோ களத்திலோ இடம் வாங்கிப் படுப்பது இன்னும் நல்லது. இரவில் எழுந்தால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

கடி பட்டால் கட்டுப் போட்டு இறுக்குவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். பாதையின் மேல் பாதிக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கீழ்ப் பாதிக்கு மன்னார்குடி, திருவாரூர் அரசு மருத்துவமனைகள். திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், ஆற்றில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

காலை கிளம்பும்போதும் மாலை கரையேறியதும் கரையிலுள்ள பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்புங்கள். மாலை ஆறரை வரை செய்தி வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

கடைமடையும் காயலும்

கோரையாற்றில் கீழே போகப் போக ஓட்டம் குறையும், எதிர்காற்று கூடும். உப்புநீர் ஏறாமல் தடுக்கும் கடைசி மதகைத் தாண்டியதும் ஆறு வேறாகிவிடும். கரையில் நாணல் போய் அலையாத்தி வரும். நீர் காலையில் ஒரு பக்கமும் மதியம் மறுபக்கமும் நகரும். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், ஆழமில்லாத காயலில் அந்தக் குறைவே படகைச் சேற்றில் உட்கார வைக்கும். சேற்றில் இறங்கினால் தொடை வரை புதையும்; படகுக்குள்ளேயே இருந்து கழியால் தள்ளுங்கள், முடியாவிட்டால் நீர் ஏறும் வரை காத்திருங்கள்.

காயலுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். ஜாம்புவானோடையில் உள்ளூர் மீனவர் ஒருவரின் படகைத் துணைக்கு அமர்த்திக்கொண்டு, வனத்துறை சொன்ன வழியில் போங்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடைகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். விடிந்ததும் புறப்பட்டு, கடற்காற்று எழுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். காற்று எழுந்தால் அந்த அகலமான, ஆழமற்ற நீரில் குட்டை அலை நெருக்கமாக வரும், பாரமேற்றிய கனூவுக்குள் தண்ணீர் ஏறும். பறவைக் கூட்டத்தைக் கண்டால் விலகியே போங்கள்; பூநாரையும் கூழைக்கடாவும் இரை தேடும் இடம் அது, ஒருமுறை எழுப்பினால் நெடுநேரம் இறங்காது. முகத்துவாரத்துக்கு அப்பால் கடல். ஆற்றுப் படகுக்கு அங்கே வேலையில்லை.

படகை ஜாம்புவானோடையிலேயே கரையேற்றுங்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில் படகு, சக்கர வண்டி, கத்தி, சட்டை எல்லாவற்றையும் அலசிவிடுங்கள். உப்பு காய்ந்தால் சக்கரத்து பேரிங் இறுகிப்போகும். முத்துப்பேட்டையில் ரயில் நிலையம் இருந்தாலும் படகோடு ரயிலேறுவது நடக்காத காரியம்; குட்டியானை (சிறு சரக்கு வண்டி) ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். கிளம்பும் முன் பொறுப்பாளருக்கும், எண் வாங்கிய எல்லா லஸ்கர்களுக்கும் கரையேறிவிட்டதாகப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.